ஸ்பானிஷ் மொழியில் கதிரை

டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற கிரின்ஸ்டெட்டில் ஒக்டோபர் மாதம் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கிழமை லீவு வரும். முந்திய காலத்தில் பிள்ளைகள் தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிண்டுவதற்காக விட்ட லீவாம். அதனால் இன்றைக்கும் அதற்கு உருளைக்கிழங்கு லீவு என்றுதான் பேர். நான் இந்த ஊருக்கு வந்த நாள் முதல், அந்தக் கிழமையில் ஒரு பிள்ளை கிழங்கு கிண்டிப் பார்த்ததில்லை. எல்லாரும் பக்கத்திலுள்ள விமான நிலையத்துக்குக் காரில் போய் ஸ்பெயினுக்குப் பறந்துவிடுவார்கள். கிழமை முடிய, அவித்த இறால் மாதிரிச் சிவந்துபோய் வந்து, மழைக்குள் நின்றுகொண்டு கடற்கரையைப் பற்றிக் கதைப்பார்கள்.

எங்கள் வீட்டுக்குள் அந்த ஆசையைக் கொண்டுவந்தவர் என் கணவர். தொழிற்சாலையில் இடைவேளைக்கு எல்லாரும் ஸ்பெயின் கதை கதைக்கிறபோது தான் மட்டும் வாயில் பாண் துண்டை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டியிருக்கிறது என்று ஒரு நாள் வந்து சொன்னார்.

"லண்டன், பாரிஸ், ரொறன்ரோ எண்டு நாங்களும் போறம்தானே," என்றேன் நான்.

"அது போறதோ? ஆற்றையும் கலியாணவீடு, சாமத்தியவீடு. பிளேனால இறங்கி ஹோலுக்குள்ள போய், ஹோலால வெளிக்கிட்டுப் பிளேனுக்குள்ள ஏறுறம். பாரிசில நான் கண்டது மூண்டு ஹோலும் ஒரு கார் பார்க்கும்தான்."

அது உண்மை என்றபடியால் நான் மறுத்துக் கதைக்கவில்லை.

எங்கள் தெருவின் மறு முனையில் ஒரு குடும்பம் இருக்கிறது. சொந்தமில்லை, ஆனாலும் வந்த காலம் தொட்டு அக்கா, அண்ணை என்று பழகிவிட்டோம். அண்ணை என் கணவரோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஒரு சொல்லில் முடிகிற விஷயத்துக்கு இரண்டாவது சொல்லைச் செலவழிக்காத மனுஷன். அக்கா அவருக்கும் சேர்த்துக் கதைப்பார். "ஸ்பெயினுக்குப் போவமோ?" என்று கேட்டதும் அண்ணை, "ஓம்" என்றார். அக்கா, "அங்க சோறு கிடைக்குமோ? கரண்ட் பிளக் எங்கட மாதிரியோ? றைஸ் குக்கரைக் கொண்டுபோகலாமோ? சீலை உடுக்கலாமோ? ஆக்கள் நல்லவையோ?" என்று தொடங்கி மூச்சு வாங்குவதற்கு மட்டும் நிறுத்தினார்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை கண்டுபிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. காரணம், எங்கள் நாலு பேரில் எனக்கு மட்டும்தான் ஒரு ஸ்பெயின்காரியைத் தெரியும்.

நான் வேலை செய்கிற வயோதிபர் இல்லத்தில் அவளும் வேலை செய்கிறாள். தெற்கு ஸ்பெயினில் பிறந்து, ஒரு டெனிஷ்காரரைக் கட்டி, இந்தக் காற்றடிக்கிற ஊருக்கு வந்து சேர்ந்தவள். நல்ல வாட்டசாட்டமான பெண். சிரித்தால் கட்டிடத்தின் அடுத்த முனையில் இருக்கிற காது கேளாத கிழவரும் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் இருவரும் கதைப்பது டெனிஷில். எனக்கும் அது இரவல் மொழி, அவளுக்கும் அது இரவல் மொழி. அதனால் ஒருவர் பிழையை மற்றவர் கண்டுகொள்வதில்லை.

இடைவேளை நேரங்களில் அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைகள் மத்தியானத்தோடு பூட்டிவிட்டுப் பின்னேரம்தான் திரும்பத் திறப்பார்கள் என்றாள். மத்தியானச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்குப் பிறகு. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், கடற்கரைப் பக்கம் ருசி கொஞ்சம் மட்டமாக இருக்கும். டென்மார்க்கின் மஞ்சள் சுகாதார அட்டை அங்கே செல்லாது, நீல நிற ஐரோப்பிய அட்டையை எடுத்துக்கொண்டு போ. சனக்கூட்டத்துக்குள் கைப்பையை முன்பக்கமாகப் போட்டுக்கொள். ஆட்கள் உரத்துக் கதைத்தால் பயப்படாதே, அது சண்டை இல்லை.

"அப்ப எது சண்டை?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "சத்தம் போடாமல் கதைத்தால்," என்றாள்.

ஒரு நாள் அவள் கன்ரீனில் டெனிஷ்காரர் சுடுகிற கறுப்புப் பாணை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "எத்தனை வருஷம் ஆனாலும் இதை என்னால் பான் என்று சொல்ல முடியாது," என்றாள்.

"என்ன சொன்னாய்?"

"பான். எங்கள் மொழியில் இதற்குப் பான் என்று பேர்."

"எங்கள் மொழியில் பாண்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு நான் மேசையைத் தட்டி, "மேசை" என்றேன். அவள், "மேசா!" என்றாள். காலில் போட்டிருந்ததைத் தூக்கிக் காட்டி, "சப்பாத்து" என்றேன். அவள், "சப்பாத்தோ!" என்று கத்தினாள். கோப்பை என்றேன், கோப்பா என்றாள். துவாய் என்றேன், தோவாயா என்றாள். அலுமாரி என்றேன், அர்மாரியோ என்றாள். சமையல் பகுதியைக் காட்டிக் குசினி என்றதும் "கொசினா!" என்று எழும்பி நின்று என்னைக் கட்டிப் பிடித்தாள். பக்கத்து மேசையில் இருந்த எங்கள் மேலதிகாரி, யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்து வாழ்த்துச் சொன்னார்.

இந்தச் சங்கதியை நான் வீட்டில் வந்து சொல்லியிருக்கக் கூடாது.

என் கணவர் சோபாவில் நிமிர்ந்து இருந்தார். "இது போர்த்துக்கீசன்ர வேலை," என்றார். "அவன் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு வைச்சிருக்கேக்க சொல்லுகளை விட்டுட்டுப் போனவன். போர்த்துக்கீசும் ஸ்பானிசும் அண்ணன் தம்பி. அப்ப எங்களுக்கு ஸ்பானிஷ் ஏற்கெனவே தெரியும். தெரியும் எண்டதுதான் இவ்வளவு நாளும் தெரியேல்லை."

அதற்குப் பிறகு அவர் ஒரு விதி கண்டுபிடித்தார். எங்கள் சொல்லின் வாலை வெட்டிவிட்டு ஆவன்னாவோ ஓவன்னாவோ ஒட்டினால் அது ஸ்பானிஷ். வேலைக்குப் போகிற வழியில் காரில் இதை அண்ணைக்குப் படிப்பித்தார். வீட்டில் சட்டி சட்டியா ஆனது, வாளி வாளியோ ஆனது. கத்தரிக்காயைக் கத்தரிக்கா என்று கூப்பிட்டார். "அது நாங்களும் சொல்லுறதுதானே," என்றால், "பாத்தீரோ, எவ்வளவு கிட்ட" என்றார். கைத்தொலைபேசியில் ஸ்பானிஷ் படிப்பிக்கிற செயலி ஒன்றை இறக்கி, வணக்கம், நன்றி, தயவுசெய்து, பெரிய, சின்ன என்பது வரைக்கும் போய், மிச்சம் தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்.

எங்கள் மகள் உயர்தரம் படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் டெனிஷில்தான் பதில் சொல்வாள். "அப்பா, நீங்கள் ஸ்பெயினில் வாயைத் திறந்தால் நான் உங்களோடு வரவில்லை," என்றாள்.

"வராட்டி நல்லது. உனக்குத்தான் நாங்கள் மொழிபெயர்க்க வேண்டி வரும்."

அவள் உண்மையாகவே வரவில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள். ஒரு கிழமை வெறும் வீடு கிடைக்கிற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

ஒரு ஞாயிறு பின்னேரம் அக்காவும் அண்ணையும் வந்தார்கள். நான் கேட்டறிந்ததையெல்லாம் தேநீரோடு சொன்னேன். ஒன்பது மணிக்குப் பிறகு சாப்பாடு, உரத்துக் கதைப்பது, சின்னப் பிள்ளைகள் சாமம் வரைக்கும் முழித்திருப்பது எல்லாவற்றையும் கேட்ட என் கணவர், "எங்கட ஆக்கள்தான் உவங்கள்," என்று தீர்ப்புச் சொன்னார். பிளக் பொருந்தும், றைஸ் குக்கரைக் கொண்டுபோகலாம் என்றதும் அக்காவுக்குப் பாதி ஸ்பெயின் பிடித்துவிட்டது.

கடைசியாக நான் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னேன். "அங்க ஒராளைக் காணேக்க இரண்டு கன்னத்திலயும் கொஞ்சுறதாம்."

அக்கா எடுத்த வடையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"ஆர் ஆரை?" என்று கேட்டார் அக்கா.

"பொம்பிளையள் எல்லாரையும். ஆம்பிளையும் பொம்பிளையும் கூடத்தான். ஆம்பிளையும் ஆம்பிளையும் எண்டால் கை குடுத்தால் காணும்."

அண்ணை முகத்தில் ஒரு நிம்மதி வந்து, உடனே போய்விட்டது. ஸ்பெயினில் பெண்களும் இருக்கிறார்கள் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"சீ!" என்றார் அக்கா. "கட்டின நாள் தொட்டு இந்த மனுசன் என்ர கன்னத்தில ஒண்டு தரேல்லை. இனி முன்பின் தெரியாத ஸ்பெயின்காரிக்கு இரண்டோ?"

அண்ணை தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் மட்டும் இதை ஒரு தொழில்நுட்ப விஷயமாக எடுத்துக்கொண்டார். "முதல் எந்தக் கன்னம்?"

"வலது எண்டுதான் சொன்னவள்."

"எங்கட வலதோ, அவையின்ர வலதோ?"

எனக்குத் தெரியவில்லை. அவர் எழும்பி அண்ணையை எதிரில் நிற்பாட்டி, இப்படிப் போனால் எது, அப்படிப் போனால் எது என்று தலையை ஆட்டிப் பார்த்தார். அண்ணையும் பணிவாகத் தலையை ஆட்ட, இரண்டு பேரின் மூக்கும் மோதி, அண்ணையின் மூக்குக்கண்ணாடி கழன்று வடைத் தட்டுக்குள் விழுந்தது. அதோடு அண்ணை, "நான் கும்பிடுறன்," என்றார். அன்றைக்கு அவர் சொன்ன மிக நீளமான வசனம் அதுதான். ஸ்பெயினில் யாரைக் கண்டாலும் இரண்டு கையையும் கூப்புவது என்று அவரும் அக்காவும் முடிவெடுத்தார்கள்.

என் கணவர் விடவில்லை. அடுத்த நாள் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறந்தபோது, அவர் நடையில் கொழுவியிருந்த என்னுடைய குளிர் கோட்டின் இரண்டு பக்கத்திலும் மாறி மாறி உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மகள் கதவைத் திரும்பச் சாத்திவிட்டு, வெளியே மழைக்குள் நின்று எனக்கு அழைப்பு எடுத்தாள். "அம்மா, அப்பாவுக்குச் சுகமோ?" என்று கேட்டாள். அதைத் தமிழில் கேட்டாள். அதனால்தான் நான் பயந்துபோனேன்.

பயணத்துக்கு முன்னால் அந்த ஸ்பெயின்காரியை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைப்பது முறை என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு விஷயம் சொல்லித் தந்தவள். என் கணவருக்கும் நல்ல சந்தோஷம். அவருக்கு அது பரீட்சை. சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு வா என்று அவளிடம் சொன்னேன். அவளுடைய கணவருக்கு அன்று வேலை, தான் மட்டும் வருவதாகச் சொன்னாள்.

"எத்தினை மணிக்கு எண்டு சொன்னனீரோ?" என்று கேட்டார் என் கணவர்.

"சொல்லேல்லை."

"சொல்லவும் தேவையில்லை. ஸ்பெயின்காரிக்கு ஸ்பெயின் நேரம் நாங்கள் சொல்லிக்குடுக்கிறதோ? ஒன்பது மணிக்குத்தான் வருவா. ஆறுதலாச் சமைப்பம்."

அதனால் சனிக்கிழமை ஆறு மணிக்கு எங்கள் வீடு இருந்த நிலை இது: ஆட்டிறைச்சி உறைந்தபடியே தொட்டிக்குள் கிடந்தது. அக்கா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அண்ணை கொத்தமல்லி இலை வாங்கப் போயிருந்தார். என் தலையில் எண்ணெய். என் கணவர் வீட்டில் கட்டுகிற சாரமும் கை இல்லாத பெனியனும் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த நல்ல கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. அண்ணைதான் என்று நினைத்து என் கணவர், "கதவு திறந்துதானே கிடக்கு, மணி அடிக்கிறதுக்கு என்ன புது மாப்பிளையோ!" என்று கத்திக்கொண்டே போய்த் திறந்தார்.

வாசலில் ஸ்பெயின்காரி நின்றாள். கையில் பூங்கொத்து. டென்மார்க்கில் இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு. இத்தனை வருஷம் டெனிஷ்காரரோடு குடும்பம் நடத்தியவள் ஒரு நிமிஷம் பிந்தாமல் வந்திருந்தாள்.

என் கணவர் திகைத்தாலும் பாடத்தை மறக்கவில்லை. ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, "ஓலா!" என்று சொல்லி, கன்னத்தை நோக்கிக் குனிந்தார். அவளோ டெனிஷ் முறைப்படி கட்டி அணைப்பதற்காக இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் வந்தாள். இவர் வலது பக்கம் போக, அவள் இடது பக்கம் வர, இவருடைய முத்தம் அவளுடைய கம்பளித் தொப்பியின் உச்சியில் இருந்த குஞ்சத்தில் விழுந்தது. வாயிலிருந்து நூலை எடுத்துக்கொண்டே அவளை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார்.

நான் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தேன். அதற்குள் என் கணவர் விருந்தாளியை உபசரிக்கத் தொடங்கிவிட்டார். துடைத்து வைத்த கதிரையைக் காட்டி, மிக மரியாதையாக, "போர் ஃபவோர், கதிரா," என்றார்.

அவள் நின்றாள். தன் இடுப்பில் கையை வைத்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று டெனிஷில் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ சொன்னாயா? போன கிழமை ஒருவரைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது கொஞ்சம் பிடித்தது. இப்போது பரவாயில்லை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு இடுப்பு நோ என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "இடுப்பு நோகுதாம்" என்று குசினிப் பக்கம் திரும்பி அக்காவுக்குச் சொன்னேன்.

என் கணவர் தன் ஸ்பானிஷ் விளங்கிவிட்டது என்ற சந்தோஷத்தில் வேறு ஒன்றையும் காதில் வாங்கவில்லை. அவள் இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, அந்தக் கதிரை பிடிக்கவில்லையாக்கும் என்று எண்ணினார். "கதிரா, கதிரா!" என்று இன்னொன்றை இழுத்து வந்தார். அவள் அதையும் பார்க்காமல் இடுப்பைத் தடவிக்கொண்டு நின்றாள். அதற்குள் அக்கா குசினியிலிருந்து நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து, "காட்டச் சொல்லு பிள்ளை, நான் உருவி விடுறன்," என்றார்.

ஸ்பெயின்காரி எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், சாரத்தைப் பார்த்தாள். மரியாதைக்காகச் சிரித்தாள்.

அப்போதுதான் என் கணவர் வீட்டிலேயே பெரிய கதிரையை, தான் மட்டும் இருக்கிற சாய்வுக் கதிரையை, மூச்சு வாங்க வாங்கத் தள்ளிக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் நிற்பாட்டினார். செயலியில் படித்த சொல் ஒன்று சமயத்துக்கு உதவியது. இரண்டு கையையும் அகல விரித்து, முகம் முழுக்கச் சிரிப்போடு, "கதிரா கிராண்டே!" என்றார்.

சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்கிப் போனது.

"என்ன சொன்னீர்கள்?" என்றாள். சத்தம் போடாமல் கேட்டாள். அவளுடைய நாட்டில் எது சண்டை என்று எனக்குத் தெரியும் என்பதால் நான் என் கணவரின் பெனியனைப் பிடித்து இழுத்தேன்.

"கதிரா!" என்றார் அவர், இன்னும் அகலமாகக் கையை விரித்து. "கிராண்டே! கிராண்டே! உங்களுக்கு!"

மகள் மேல் மாடியிலிருந்து படிகளில் தடதடவென்று இறங்கி வந்தாள். கையில் தொலைபேசி. "அப்பா, நிறுத்துங்கள்!" என்று கத்திவிட்டு, ஸ்பெயின்காரியிடம் டெனிஷில் வேக வேகமாகச் சொன்னாள்: "அவர் உங்களை இருக்கச் சொல்கிறார். எங்கள் மொழியில் இதற்குக் கதிரை என்று பேர். அதைத்தான் ஸ்பானிஷ் ஆக்குகிறார். அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது. உண்மையாகவே வேறு ஒன்றும் தெரியாது."

பிறகு எங்களுக்குத் தொலைபேசியைக் காட்டினாள். போர்த்துக்கீசர் கதிரைக்குக் கதெய்ரா என்று சொன்னார்கள். அதுதான் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. ஆனால் ஸ்பெயின்காரர் கதிரையைச் சீயா என்பார்கள். கதேரா என்றால் அவர்களுக்கு இடுப்பு.

என் கணவர் ஒரு பெண்ணை வீட்டு வாசலில் வைத்துத் தொப்பியில் முத்தமிட்டு, உள்ளே கூட்டிவந்து, தயவுசெய்து இடுப்பு என்று கேட்டு, கடைசியில் கை இரண்டையும் விரித்துப் பெரிய இடுப்பு, பெரிய இடுப்பு, உங்களுக்கு என்று சொல்லியிருக்கிறார்.

நான் இருந்த இடத்தில் பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது. ஸ்பெயின்காரி கதிரையையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளுடைய வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. சிரித்துச் சிரித்து, அந்தச் சாய்வுக் கதிரைக்குள் தொப்பென்று விழுந்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, இங்கே வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் இடுப்பில் எண்ணெய் பூசுவதுதான் உங்கள் வழக்கம் என்று நினைத்தேன் என்றாள். மறுத்தால் மரியாதை இல்லையோ என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம்.

என் கணவர் மட்டும் தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை. "யோசிச்சுப் பாருங்கோ," என்றார் எங்களிடம். "குந்தி இருக்கிற சாமானுக்கும் அதில வைக்கிற இடுப்புக்கும் ஒரே பேர். கொஞ்சம் தள்ளிப் போட்டுது, அவ்வளவுதான்."

அந்த நேரம் அண்ணை கொத்தமல்லி இலையோடு உள்ளே வந்தார். சிரித்துக் கிடக்கிற பெண்ணையும், எண்ணெயோடு நிற்கிற தன் மனைவியையும், மூலையில் தலையில் அடித்துக்கொண்டு நிற்கிற என் மகளையும் ஒரு முறை பார்த்தார். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். நேரே குசினிக்குள் போய்விட்டார்.

பாவம், அவள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டவள். பசி அவள் கண்ணில் தெரிந்தது. இறைச்சியோ இன்னும் கல்லாகக் கிடந்தது. முதல் நாளைய மீன் குழம்பைச் சூடாக்கி, பாணும் சம்பலும் வைத்தோம். "உறைப்பில்லை," என்று அக்கா சத்தியம் பண்ணினார். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, மிச்சச் சிரிப்புக்கும் சேர்த்து அழுதாள். ஆனால் தட்டை விடவில்லை. தண்ணீர், பாண், சம்பல், கண்ணீர் என்று ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்துவிட்டு, கைகளை மடித்துவிட்டுக்கொண்டு குசினிக்குள் வந்து வெங்காயம் நறுக்கினாள். அக்காவுக்கு டெனிஷ் அதிகம் வராது. அவள் ஸ்பானிஷிலும் அக்கா தமிழிலும் உரத்துக் கதைத்துக்கொண்டார்கள். சட்டியும் கரண்டியும் கை மாறின. இருவருக்கும் எல்லாம் விளங்கியது போலவே இருந்தது.

இறைச்சிக் கறி இறங்கியபோது ஒன்பது மணி தாண்டிவிட்டது. எல்லாரும் மேசையைச் சுற்றி இருந்து, ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டு சாப்பிட்டோம். பாதியில் அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். "டென்மார்க் வந்த பிறகு இன்றைக்குத்தான் சரியான நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்," என்றாள். நான் அதை மொழிபெயர்க்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் என் கணவருக்கு டெனிஷ் தெரியும்.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார்.

உருளைக்கிழங்கு லீவு வந்தது. விமான நிலையத்தில் றைஸ் குக்கரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னார்கள். அதிகாரி அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்து, இது என்ன என்று அண்ணையிடம் கேட்டார். அண்ணை டெனிஷில், "சோறு," என்றார். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று அதிகாரி காத்திருந்தார். அண்ணையும் காத்திருந்தார். வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் அதிகாரி களைத்துப்போய், "நல்ல பயணம்," என்றார்.

ஸ்பெயின்காரி சொல்லியிருந்த கடற்கரை ஊரில், நாங்கள் எடுத்த அடுக்குமாடியில் எங்களைத் தவிர எல்லாரும் டெனிஷ்காரர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற கிழவன் கிழவிகள். குளிர் தொடங்கினால் வந்து, குளிர் முடியத்தான் போவார்களாம். சந்தியில் இருந்த கடையில் கறுப்புப் பாண் விற்றார்கள். காலையில் பல்கனியில் நின்றால் எங்கள் ஊர்ப் பக்கத்து ஜூட்லாந்துப் பேச்சுத்தான் காதில் விழுந்தது. படித்த ஸ்பானிஷைப் பாவிக்க இடமில்லாமல் என் கணவர் முதல் நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார்.

இரண்டாம் நாள் பஸ் தரிப்பில் நின்றோம். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டு, மீசையைச் சீவி, சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டிருந்தார். ஒரு டெனிஷ்க் கிழவி தன் கணவரை விட்டுவிட்டு எங்களை நோக்கி மெல்ல வந்தார். என் கணவருக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். அதில் ஃபார்மாசியா என்ற ஒரு சொல் இருந்தது. மருந்துக்கடையை நாங்கள் வரும் வழியில் பார்த்திருந்தோம். என் கணவர் யோசிக்காமல், தொழிற்சாலையில் பேசுகிற அதே ஜூட்லாந்து டெனிஷில், நேரே போய் மாதா கோயிலடியில் இடது பக்கம் திரும்புங்கள் என்றார்.

கிழவி வாய் பிளந்தார். திரும்பித் தன் கணவரிடம், "கேட்டாயா? இங்கே ஆட்கள் எவ்வளவு அருமையாக டெனிஷ் பேசுகிறார்கள்!" என்றார்.

நான் திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். என் கணவர் என் கையை அமர்த்தினார். கிழவியைப் பார்த்துத் தலையைக் குனிந்து, "கிராசியாஸ்," என்றார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் நடைபாதையில் குந்திவிட்டார்.

கிழவி எங்கள் கட்டிடத்தில்தான் இரண்டாம் மாடியில் இருந்தார். கதை பரவியது. கீழே வந்தால் யாராவது ஒருவர் என் கணவரைப் பிடித்துக்கொள்வார். கடைகள் எத்தனை மணிக்குத் திறக்கும், குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா, இந்த ஊரில் எந்தச் சாப்பாட்டுக்கடை நல்லது என்று கேட்பார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஆறுதலாக, பிறந்த ஊரைப் பற்றிச் சொல்கிற மாதிரிப் பதில் சொல்வார். நீங்கள் ஸ்பெயின்காரரா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

கடைசி நாள் காலை அந்தக் கிழவி எங்கள் கதவைத் தட்டினார். உதவிக்கு நன்றி என்று சொல்லி ஒரு சின்னப் பொதியை நீட்டினார். உள்ளே உப்புப் போட்ட கறுப்பு லக்ரிஸ் இனிப்பு. டென்மார்க்கில் எந்தக் கடையிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடப்பது. என் கணவர் வேலைக்குப் போகும்போது காரில் அதைத்தான் சப்பிக்கொண்டு போவார்.

"இது எங்கள் நாட்டுச் சாமான்," என்றார் கிழவி. "உங்களுக்குப் பழக்கம் இராது. கவனமாகச் சாப்பிடுங்கள்."

என் கணவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நுனி நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். கண்ணை இறுக மூடினார். இருமினார். கிழவி கைதட்டிச் சிரித்து, எல்லாரும் முதல் தரம் இப்படித்தான் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தினதும் அவர் இரண்டாவதை வாயில் போட்டுக்கொண்டு, பெட்டியை மூடப் போனார்.